பிராண்டி யங்கரின் ஹார்ப்: அலங்காரமா, அடித்தளமா?

மாலைக்காற்று எழுதியது:

ஹார்ப் (யாழ் போன்ற பெரிய தந்தி வாத்தியம்) வாசிக்கும் ஜாஸ் கலைஞர் பிராண்டி யங்கரின் 'கேடபவுட் சீசன்' என்ற இசைத்தொகுப்பு 2025 ஜூனில் வெளிவந்தது. அன்றிலிருந்து வேறு எதையும் முழுதாகக் கேட்க மனம் வரவில்லை. இவரைப் பற்றித் தமிழில் நான்கு பேர் உட்கார்ந்து பேச வேண்டும் என்ற ஆசையில் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

அறியாதவர்களுக்காகச் சில வரிகள். 1983இல் பிறந்தவர், நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்டில் ஹெம்ப்ஸ்டெட் என்ற ஊரைச் சேர்ந்தவர். ஹார்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ஹார்ட் இசைப்பள்ளியிலும் பிறகு நியூயார்க் பல்கலைக்கழகத்திலும் படித்தார். ஐரோப்பியச் செவ்வியல் முறையில் முறையாகப் பயின்ற கை. 2021இல் இம்பல்ஸ் நிறுவனம் வெளியிட்ட 'சம்வேர் டிஃபரன்ட்' தொகுப்பில் உள்ள 'பியூட்டிஃபுல் இஸ் பிளாக்' என்ற ஆக்கத்துக்காக, சிறந்த வாத்திய இசையமைப்பு என்ற பிரிவில் கிராமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். அந்தப் பிரிவில் பரிந்துரை பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர்தான். காமன், ஜான் லெஜண்ட், லாரின் ஹில் போன்ற பாப், ஹிப்-ஹாப் கலைஞர்களோடும் வாசித்திருக்கிறார்.

என் வாதம் இது. ஹார்ப் என்றாலே பலருக்கும் நினைவுக்கு வருவது படத்தில் கனவுக் காட்சி தொடங்கும்போது மேலிருந்து கீழாக ஓடும் அந்த ஒரு வருடல்தான். வந்த வேலை முடிந்ததும் வாத்தியம் காணாமல் போய்விடும். யங்கரிடம் அப்படி இல்லை. பாஸும் டிரம்ஸும் ஓடும் ஓட்டத்துக்குள்ளேயே ஹார்ப் உட்கார்ந்திருக்கிறது. இடது கை சில ஸ்வரங்களால் ஆன ஒரு சிறிய சொற்கட்டைப் பிடித்துக்கொண்டு விடாமல் சுழல்கிறது. வலது கை அதன் மேல் சந்துகளில் அடிக்கிறது. தலை ஆடுகிறது, கால் தட்டுகிறது. ஹார்ப்பை ஜாஸுக்குள்ளும் வெகுஜன இசைக்குள்ளும் கொண்டுவந்தது அதன் இனிமையல்ல, இந்தத் தாளப் பிடிப்புதான் என்று நினைக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

— — —

நாற்பத்தேழு தந்தி எழுதியது:

மாலைக்காற்று, மிக நல்ல தொடக்கம். லண்டனில் ஹார்ப் கற்றுக்கொண்டிருக்கிறேன், ஆகவே வாத்தியத்தின் பக்கமிருந்து பேசுகிறேன். யங்கர் செய்வது எவ்வளவு கடினம் என்பது உள்ளே இருக்கும் இயந்திரத்தைத் தெரிந்துகொண்டால்தான் புரியும்.

கச்சேரி ஹார்ப்பில் 47 தந்திகள். எடை ஏறக்குறைய 40 கிலோ. ஸி தந்திகள் சிவப்பு, எஃப் தந்திகள் கறுப்பு; அவற்றை அடையாளமாக வைத்துத்தான் கண் வழி தேடுகிறது. பியானோவில் உள்ள கறுப்புக் கட்டைகளுக்கு இணையாக இதில் எதுவும் கிடையாது. ஒவ்வொரு ஸ்தாயிக்கும் ஏழே தந்திகள். மிச்சமுள்ள ஸ்வரங்களைக் கொண்டுவருவது கால்கள். அடிப்பாகத்தில் ஏழு பெடல்கள், ஸ்வரத்துக்கு ஒன்று. இடது காலுக்கு டி, ஸி, பி. வலது காலுக்கு இ, எஃப், ஜி, ஏ. ஒவ்வொரு பெடலுக்கும் மூன்று படிகள்: மேலே நின்றால் ஃபிளாட் (அரை ஸ்வரம் இறங்கும்), நடுவில் இயல்பு, கீழே ஷார்ப் (அரை ஸ்வரம் ஏறும்). இந்த அமைப்புக்கு 1810இல் காப்புரிமை பெற்றவர் செபாஸ்டியன் எரார். இன்றுவரை அடிப்படை மாறவில்லை.

இப்போது ஜாஸுக்கு வருவோம். பாட்டு பி ஃபிளாட் மேஜரில் போய்க்கொண்டிருக்கிறது, திடீரென்று டி ஃபிளாட் மேஜருக்குத் தாவுகிறது என்று வையுங்கள். பியானோக்காரர் கையை நகர்த்தினால் போதும். எனக்கு டி, ஜி, ஏ மூன்று பெடல்களும் மேலே போக வேண்டும். டி-யை இடது கால் பார்த்துக்கொள்ளும். ஜி, ஏ இரண்டும் ஒரே வலது காலின் பொறுப்பு. அதற்குள் கை அடுத்த தந்திக்குப் போய்விட்டால் இழுபடும் தந்தி உறுமும். கோர்வைகள் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்கள்) இரண்டு அட்சரத்துக்கு ஒரு முறை மாறும், பீபாப் என்ற வேகமான ஜாஸ் பாணிப் பாட்டில் இந்த வேலை ஓயவே ஓயாது. மனோதர்மமாக வாசிக்கும்போது, கை எங்கே போகப்போகிறது என்று காலுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்த சிக்கல் கார்வை. கீழ் ஸ்தாயித் தந்திகள் கம்பி சுற்றியவை; ஒரு முறை மீட்டினால் நீண்ட நேரம் முழங்கும். பாஸ் கிதாரைப் போலத் துண்டு துண்டாக ஒலிக்க வேண்டுமானால் ஒவ்வொரு ஸ்வரத்தையும் உள்ளங்கையால் அமர்த்த வேண்டும். அமர்த்தும் கை உடனே அடுத்ததை மீட்டவும் வேண்டும். சுண்டுவிரலை நாங்கள் பயன்படுத்துவதில்லை, ஆகவே மொத்தம் எட்டு விரல்கள்தான். நீங்கள் சொன்ன 'தாளப் பிடிப்பு' இந்த அமர்த்தலில்தான் இருக்கிறது. மீட்டுவது பாதி, நிறுத்துவது பாதி.

— — —

வீணைப்பொழுது எழுதியது:

அருமையான விளக்கம். எனக்கு உடனே தோன்றியது: ஒரு பெடலை மாற்றினால் எல்லா ஸ்தாயியிலும் அந்த ஸ்வரம் மொத்தமாக மாறிவிடும், சரிதானே? அப்படியென்றால் கீழே ஒரு காந்தாரம், மேலே வேறொரு காந்தாரம் என்று வைத்துக்கொள்ள முடியாது.

இன்னொன்று. வீணையில் தந்தியை இழுத்து, அசைத்து ஸ்வரத்துக்கு உயிர் கொடுக்கிறோம். இங்கே தந்தி மீட்டிய இடத்திலேயே நிற்கிறது. கமகத்துக்கு வழியே இல்லாத வாத்தியத்தில் ப்ளூஸ் எப்படி வாசிக்க முடியும்? ப்ளூஸின் உயிரே ஸ்வரத்தை வளைப்பதில்தானே இருக்கிறது.

— — —

நாற்பத்தேழு தந்தி எழுதியது:

ஆம் அக்கா, மொத்தமாக மாறும். ஆனால் அந்தக் கட்டுப்பாட்டிலேயே ஒரு வரம் இருக்கிறது. அடுத்தடுத்த இரண்டு தந்திகளை ஒரே ஸ்வரத்துக்குக் கொண்டுவரலாம். எடுத்துக்காட்டாக ஸி இயல்பு, டி ஷார்ப், இ ஃபிளாட், எஃப் ஷார்ப், ஜி ஃபிளாட், ஏ இயல்பு, பி ஷார்ப் என்று பெடல்களை வையுங்கள். தந்திகள் ஏழு; ஒலிப்பவை நான்கே ஸ்வரங்கள். பி ஷார்ப்பும் ஸி-யும் ஒன்று, டி ஷார்ப்பும் இ ஃபிளாட்டும் ஒன்று, எஃப் ஷார்ப்பும் ஜி ஃபிளாட்டும் ஒன்று. இப்போது கண்ணை மூடிக்கொண்டு எல்லாத் தந்திகளையும் வருடினாலும் அந்த நான்கால் ஆன டிமினிஷ்ட் கோர்வை மட்டுமே அலை அலையாக எழும். வேண்டாத ஸ்வரம் ஒன்றுகூட நுழையாது. இரட்டைத் தந்திகள் மாறி மாறி ஒலிப்பதால் ஒரு மினுமினுப்பும் வரும். பியானோவில் இதைச் செய்யவே முடியாது. ஏழு பெடல், மூன்று படி என்பதால் மொத்தம் 2187 அமைப்புகள் சாத்தியம். ஜாஸ் ஹார்ப்காரர்கள் இவற்றுள் தங்களுக்கென்று சிலவற்றைத் தேடிப் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள்.

ஸ்வரத்தை வளைப்பதற்கும் ஓரளவு வழி உண்டு. மீட்டிவிட்டு, ஒலி தேயும் முன் பெடலை ஒரு படி நகர்த்தினால் ஸ்வரம் அரை ஸ்வரம் சறுக்கும். செவ்வியல் வகுப்பில் பெடல் சத்தம் கேட்டாலே ஆசிரியர் முகம் சுளிப்பார். ஜாஸில் அதே சறுக்கலை வேண்டுமென்றே வைக்கிறார்கள். வீணைக் கமகத்தின் நுணுக்கம் வராது, உண்மை. ஆனால் ப்ளூஸ் வாசனை வரும்.

— — —

கறார்கேள்வி எழுதியது:

வாத்தியம் கடினம் என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் கடினமானதைச் செய்கிறார் என்பதற்காகப் புதியதைச் செய்கிறார் என்று சொல்லிவிட முடியாது.

யங்கர் செய்வதாக நீங்கள் சொல்லும் எல்லாவற்றையும் டோரதி ஆஷ்பி செய்துவிட்டார். டெட்ராய்ட்டில் பிறந்து, அங்குள்ள காஸ் டெக் பள்ளியில் ஹார்ப் பழகி, 1957இல் 'தி ஜாஸ் ஹார்ப்பிஸ்ட்' என்று தலைப்பிலேயே பிரகடனம் செய்து தொகுப்பு வெளியிட்டவர் அவர். அடுத்த ஆண்டு 'ஹிப் ஹார்ப்', 'இன் எ மைனர் குரூவ்'. பிந்தையதில் டிரம்ஸ் யார் தெரியுமா? ராய் ஹேன்ஸ். அப்பேர்ப்பட்ட தாளக்காரருக்கு நிகராக, கிதாரில் கோர்வை வெட்டுவதைப் போல ஆஷ்பி ஹார்ப்பில் வெட்டுகிறார். 1968இல் 'ஆஃப்ரோ-ஹார்ப்பிங்' வந்தபோது ஸோல் இசையும் ஹார்ப்பும் ஒன்றாகிவிட்டன. அவருக்கும் முன்பே 1930களில் காஸ்பர் ரியர்டன், அடுத்து அடேல் ஜிரார்ட் என்று ஸ்விங் காலத்திலேயே ஹார்ப் இருந்தது.

யங்கரின் பட்டியலைப் பாருங்கள். 2016இல் வந்த 'வாக்ஸ் அண்ட் வேன்' தொகுப்பின் பெயரே ஆஷ்பியின் பாட்டுப் பெயர். 2023இல் வந்த 'பிராண்ட் நியூ லைஃப்' முழுக்க ஆஷ்பிக்குக் காணிக்கை. இடையிடையே இன்னொரு ஜாஸ் ஹார்ப் முன்னோடியான ஆலிஸ் கோல்ட்ரேன். முன்னோரை வணங்குவது நல்ல பண்பு. ஆனால் வணங்கிக்கொண்டே இருந்தால் தன் குரல் எப்போது வரும்?

— — —

பழைய ரெக்கார்டு எழுதியது:

கறார்கேள்வி அவர்களே, 'பிராண்ட் நியூ லைஃப்' காணிக்கைதான். ஆனால் வழக்கமான காணிக்கைத் தொகுப்பு அல்ல. ஆஷ்பி எழுதி வைத்து, அவர் காலத்தில் பதிவாகாமலே போன ஆக்கங்களும் அதில் இருக்கின்றன. ஆஷ்பி 1986இல் இறந்துவிட்டார். காகிதத்தில் மட்டும் இருந்த பாட்டுக்கு முதல் முறையாக ஒலி கொடுக்கும்போது பார்த்துச் செய்ய எந்த முன்மாதிரியும் கிடையாது. தாளம் எது, வேகம் எது, எந்தத் தந்தியை அமர்த்துவது என்ற ஒவ்வொரு முடிவும் யங்கருடையது, தயாரிப்பாளர் மகாயா மெக்கிரேவனுடையது. இதை நகல் என்று எப்படிச் சொல்வீர்கள்?

இன்னொரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும், இதில் எனக்குக் கோபமே உண்டு. ஆஷ்பி உயிரோடு இருந்தபோது ஜாஸ் உலகம் அவரை ஒரு ஓரத்தில்தான் வைத்திருந்தது. கறுப்பினப் பெண், கையிலோ செவ்வியல் இசைக்குரியது என்று ஒதுக்கப்பட்ட வாத்தியம். பிற்காலத்தில் கலிஃபோர்னியாவுக்குப் போய் ஸ்டூடியோவில் பிறருடைய பாட்டுகளுக்கு வாசித்தார். ஸ்டீவி வொண்டர் 1976இல் வெளியிட்ட இரட்டைத் தொகுப்பில் 'இஃப் இட்ஸ் மேஜிக்' என்ற பாட்டைக் கேளுங்கள். டிரம்ஸ் இல்லை, பாஸ் இல்லை. ஸ்டீவியின் குரல், ஆஷ்பியின் ஹார்ப், கடைசியில் கொஞ்சம் ஹார்மோனிகா, அவ்வளவுதான். கோடிக்கணக்கானோர் கேட்ட பாட்டு. வாசித்தவர் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

அவர் பெயரை மறுபடியும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்ததில் ஹிப்-ஹாப் தயாரிப்பாளர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. பழைய ரெக்கார்டுக் கடைகளில் ஆஷ்பியின் தட்டுகளைத் தேடிப் பிடித்து, இரண்டு தாளச் சுற்றை வெட்டியெடுத்து, சுழலவிட்டு அதன் மேல் பாட்டுக் கட்டினார்கள். யங்கரின் தலைமுறை அந்தத் துண்டுகளைக் கேட்டு வளர்ந்தது. 'பிராண்ட் நியூ லைஃப்' தொகுப்பில் பீட் ராக், நைன்த் வொண்டர் என்ற ஹிப்-ஹாப் தயாரிப்பாளர்கள் இருப்பதை வெறும் விருந்தினர் பட்டியலாக நான் பார்க்கவில்லை. வெட்டியெடுத்தவர்கள் இப்போது அதே ஆஷ்பியின் இசைக்காக ஒரு ஹார்ப்காரரோடு ஒரே தொகுப்பில் சேர்ந்திருக்கிறார்கள். என் கண்ணுக்கு அது ஒரு கடன் அடைபடுவது.

— — —

மாலைக்காற்று எழுதியது:

பழைய ரெக்கார்டு ஐயா சொன்னதிலிருந்து என் வாதம் இன்னும் வலுப்படுகிறது. சுழலும் துண்டைக் கேட்டு வளர்ந்த காது, அந்தச் சுழற்சியைக் கையாலேயே வாசிக்கிறது. 1958இல் ஆஷ்பி பீபாப் வரிகளை ஹார்ப்பில் வாசித்தார்: நீண்ட வாக்கியங்கள், அடுத்தடுத்துத் திரும்பும் வளைவுகள். யங்கரோ ஒரு சின்னச் சொற்கட்டை எடுத்து விடாப்பிடியாகத் திரும்பச் சொல்கிறார். ஆறாவது, ஏழாவது முறை வரும்போது ஒரே ஒரு ஸ்வரத்தை நகர்த்துகிறார். உடம்பே நிமிர்கிறது. ஆஷ்பியிடமிருந்து வந்த மரபுதான், ஆனால் நடுவில் ஒரு ஹிப்-ஹாப் தலைமுறை கடந்து போயிருக்கிறது.

— — —

செட்டிபாளையத்தான் எழுதியது:

ஆலிஸ் கோல்ட்ரேன் பெயர் அடிபட்டதால் வருகிறேன். எங்கள் ஊருக்கும் இந்தக் கதைக்கும் நேரடித் தொடர்பு இருப்பது பலருக்குத் தெரியாது.

1971இல் இம்பல்ஸ் வெளியிட்ட ஆலிஸின் புகழ்பெற்ற தொகுப்பு 'ஜர்னி இன் சச்சிதானந்தா'. அந்தச் சச்சிதானந்தர், கோயம்புத்தூர் பக்கத்தில் உள்ள செட்டிபாளையத்தில் 1914இல் பிறந்த ராமசாமி. ரிஷிகேசத்தில் சிவானந்தரிடம் துறவு பெற்று, இலங்கையில் பல ஆண்டுகள் பணியாற்றி, 1966இல் நியூயார்க் போனார். 1969இல் வுட்ஸ்டாக் இசை விழாவைத் தொடங்கி வைத்துப் பேசியவரும் அவர்தான்.

ஆலிஸ் அவரிடம் எப்படிப் போய்ச் சேர்ந்தார் என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது. கணவர், சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன், வீட்டுக்கு ஒரு ஹார்ப் வேண்டும் என்று லயன் அண்ட் ஹீலி நிறுவனத்திடம் சொல்லிவைத்திருந்தார். 1967 ஜூலையில் அவர் இறந்துவிட்டார். அதன் பிறகுதான் ஹார்ப் வந்து சேர்ந்தது. நான்கு குழந்தைகள், முப்பது வயது. பியானோக்காரரான ஆலிஸ் அந்த ஹார்ப்பில் பெரும்பாலும் தானாகவே பழகினார். அந்தத் துயரத்திலிருந்து மீளத் தேடிய வழியில் கிடைத்த குரு சச்சிதானந்தர். தொகுப்பின் முதல் பாட்டில் தம்புரா சுருதி பிடிக்கிறது, செசில் மெக்பீயின் பாஸ் ஒரே சொற்கட்டைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது, அதன் மேல் ஆலிஸின் ஹார்ப் அலையாக விரிகிறது. பிறகுதான் ஃபாரோ சாண்டர்ஸின் சாக்ஸபோன் நுழைகிறது. ஒவ்வொரு முறையும் அந்தத் தொடக்கத்தில் எனக்கு மெய்சிலிர்க்கிறது. ஊர்ப் பெருமைக்காக மட்டும் சொல்லவில்லை.

— — —

வீணைப்பொழுது எழுதியது:

மிக்க நன்றி. அந்தப் பாட்டை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். தம்புராவின் சுருதி மேல் ஹார்ப் வரும்போது என் காதுக்கு அது முழுக்க முழுக்க இயல்பாக இருக்கிறது. சுருதி மாறாது, கோர்வை ஓடாது; ஆகவே பெடல் அவசரமும் இல்லை. தந்திகளை முழுக்க முழங்கவிட ஆலிஸால் முடிந்ததற்கு இதுவும் காரணமாக இருக்க வேண்டும்.

— — —

நாற்பத்தேழு தந்தி எழுதியது:

சரியாகச் சொன்னீர்கள் அக்கா. இருவரின் வழியும் பிரியும் இடம் இதுதான். ஆஷ்பி தந்தியை அமர்த்தினார். ஆலிஸ் அமர்த்தவில்லை, முழங்கவிட்டார். ஆஷ்பியிடம் ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியாகத் துலங்கும். ஆலிஸிடம் எல்லாம் கலந்து பெருகும். ஹார்ப் பழகும் எவரும் ஏதாவது ஒரு பக்கம் சாய்வார்கள். யங்கரை நான் உற்றுக் கேட்பது அவருடைய இரண்டு கைகளுக்காக. இடது கை ஆஷ்பியைப் போல நறுக்கென்று வெட்டிக்கொண்டிருக்கும். அதே நேரத்தில் மேல் தந்திகளில் வலது கை ஆலிஸைப் போல விரித்துவிடும். ஒரே பலகையில் ஒரு பாதியை உலர்வாகவும் மறு பாதியை ஈரமாகவும் வைத்திருப்பது மிகப் பெரிய கைவேலை. கறார்கேள்வி கேட்ட 'தன் குரல்' எனக்கு அங்கேதான் கேட்கிறது.

— — —

கறார்கேள்வி எழுதியது:

இந்த விளக்கம் யோசிக்க வைக்கிறது. இரண்டு மரபுகளை இரண்டு கைகளில் பிரித்து வைப்பது ஒரு கண்டுபிடிப்புதான், மறுக்கவில்லை. ஆனாலும் என் கேள்வியின் மறு பாதி அப்படியே நிற்கிறது. பாப் பாட்டுகளில் இவர் வாசிப்பதைக் கேட்டிருக்கிறீர்களா? பெரும்பாலும் பின்னணியில் எட்டுத் தாளச் சுற்று. பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளியில் ஒரு மினுக்கல். அடித்தளம் என்று இழைத் தலைப்பில் போட்டிருக்கிறீர்கள். அந்தப் பதிவுகளில் ஹார்ப் இன்னும் அலங்காரமாகத்தானே இருக்கிறது?

ஒப்பிடுவதற்கு எட்மார் காஸ்டனேடாவைச் சொல்வேன். கொலம்பியாவின் சமவெளி மரபிலிருந்து வந்தவர். பெடல் இல்லாத ஹார்ப். பியானோக்காரர் ஹிரோமியோடு 2017இல் வெளியிட்ட மொன்ட்ரியால் நேரடிக் கச்சேரிப் பதிவைக் கேளுங்கள். பாஸ் வாத்தியமே மேடையில் கிடையாது. அவருடைய இடது கைதான் பாஸ். அடித்தளம் என்றால் அதுதான்.

— — —

ஒலிப்பலகை எழுதியது:

ஒலிப்பதிவு, மேடை ஒலி இரண்டிலும் பல வருடம் வேலை செய்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். பாப் பதிவில் ஹார்ப் மினுக்கலாகச் சுருங்குவதற்கு வாசிப்பவர் காரணமல்ல. வாத்தியங்களின் ஒலிகளைச் சேர்க்கும் கலவை மேசைதான் காரணம்.

ஹார்ப்பின் ஒலிப்பலகை மிகப் பெரியது. பக்கத்தில் டிரம்ஸ் அடித்தால் அந்தப் பலகையே அதிரும். மைக்கில் ஹார்ப்போடு சிம்பலும் சேர்ந்து வரும். மேடையில் ஒலியை ஏற்றினால் ஊளையிடத் தொடங்கும். பலகையில் ஒட்டும் பிக்கப் (அதிர்வை நேராக வாங்கும் சிறு கருவி) வைத்தால் ஊளை குறையும், ஆனால் ஒலி பிளாஸ்டிக் போல வறண்டுவிடும். பொதுவாக இரண்டையும் வைத்துக் கலப்போம். அடுத்த தலைவலி கீழ் ஸ்தாயி. ஹார்ப்பின் இடது கை வாசிக்கும் இடமும் பாஸ் கிதார், கிக் டிரம் ஒலிக்கும் இடமும் ஒன்றோடொன்று மோதும். பாப் பதிவில் கலவைக்காரர் முதலில் செய்வது ஹார்ப்பின் கீழ்ப்பகுதியை வெட்டி எறிவது. மிஞ்சுவது மேல் மினுக்கல்.

யங்கரின் சொந்தத் தொகுப்புகளில் கீழ்ப்பகுதி வெட்டப்படவில்லை. பாஸும் இருக்கிறது, ஹார்ப்பின் இடது கையும் இருக்கிறது. இருவரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் வாசிக்காமல் விலகி விலகி வாசிக்கிறார்கள். மேசையில் திருகிச் சரிசெய்யும் சமாச்சாரம் அல்ல இது. வாசிப்பவர்கள் ஒருவரையொருவர் கேட்பதால் வருவது.

— — —

பழைய ரெக்கார்டு எழுதியது:

ஒலிப்பலகை சொன்னதற்கு நல்ல சாட்சி ஒன்று இருக்கிறது. 2020 ஊரடங்கில் யங்கரும் பாஸ் வாசிப்பவரான டெஸ்ரான் டக்ளஸும் ஹார்லெமில் தங்கள் வீட்டிலிருந்தே இணையத்தில் வாசித்தார்கள். அந்த வாசிப்புகள் அந்த ஆண்டு டிசம்பரில் 'ஃபோர்ஸ் மஜூர்' என்று தொகுப்பாக வந்தன. ஹார்ப், பாஸ், இரண்டே பேர். டிரம்ஸ் கிடையாது. ஆலிஸ் கோல்ட்ரேனின் ஆக்கத்தையும் வாசிக்கிறார்கள், ஸ்டைலிஸ்டிக்ஸ் குழுவின் காதல் பாட்டையும் வாசிக்கிறார்கள், கேட் புஷ்ஷின் பாட்டையும் வாசிக்கிறார்கள். கறார்கேள்வி கேட்ட பாப் பாட்டுக்கும் அடித்தளத்துக்குமான பதில் அதில் இருக்கிறது. எல்லாருக்கும் தெரிந்த மெட்டு. அதைத் தாங்கி நிற்பது ஹார்ப்பின் கோர்வைகள். எடுத்துவிட்டால் பாட்டே விழுந்துவிடும்.

காஸ்டனேடா மாபெரும் கலைஞர், அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் அவர் வாத்தியம் வேறு, மரபு வேறு. அவருடைய ஊரில் ஹார்ப் தொடக்கத்திலிருந்தே ஆட்டத்துக்கான வாத்தியம். யங்கர் வாசிப்பது சிம்பொனி மேடையில் ஓரத்தில் நிறுத்தப்பட்ட வாத்தியம். அதை அங்கிருந்து கிளப்பிக் கொண்டுவருவது வேறொரு போராட்டம்.

— — —

மகளுக்காக எழுதியது:

வணக்கம். இந்த இழையை ஆர்வமாகப் படித்துவருகிறேன். என் மகளுக்குப் பன்னிரண்டு வயது, டொராண்டோவில் இருக்கிறோம். யங்கரின் காணொளி பார்த்ததிலிருந்து ஹார்ப் வேண்டும் என்று அடம். பெடல் ஹார்ப் விலையைக் கேட்டு மலைத்துப்போனோம், ஒரு காரே வாங்கிவிடலாம். சிறிய ஹார்ப்பில் தொடங்கினால் பிறகு ஜாஸ் வாசிக்க முடியுமா?

— — —

நாற்பத்தேழு தந்தி எழுதியது:

தாராளமாகத் தொடங்கலாம் அக்கா. லீவர் ஹார்ப் என்று கேளுங்கள். பெரும்பாலும் 34 முதல் 38 தந்திகள் வரை இருக்கும். பெடலுக்குப் பதிலாக ஒவ்வொரு தந்தியின் தலைப்பிலும் ஒரு நெம்பு. இடது கையால் தட்டினால் அரை ஸ்வரம் ஏறும். கோர்வை வேகமாக மாறும் பாட்டு சிரமம்தான். ஆனால் ஒரே ராகத்தில் நிற்கும் பாட்டுகள், ப்ளூஸ், சுழலும் சொற்கட்டுகள் எல்லாம் அழகாக வரும். விரல் பழக்கம் ஒன்றுதான், பின்னால் பெடலுக்கு மாறும்போது வீணாகாது. வாங்குவதற்கு முன் வாடகைக்குக் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள்; ஹார்ப் கடைகள் பலவற்றில் அந்த வசதி உண்டு. ஆசிரியரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: காகிதம் பார்த்து வாசிப்பதோடு, காதால் கேட்டு வாசிக்கவும் பழக்க வேண்டும் என்று. அது மிக முக்கியம்.

— — —

மகளுக்காக எழுதியது:

மிக்க நன்றி தம்பி. வாடகைக்கு விசாரிக்கிறேன்.

— — —

செட்டிபாளையத்தான் எழுதியது:

கறார்கேள்வி, 'கேடபவுட் சீசன்' பற்றி இன்னும் யாரும் முழுதாகப் பேசவில்லை. ஜான் சொல்லிவைத்து, அவர் போன பிறகு வந்த அந்த ஹார்ப் பல காலம் பழுதுபட்டுக் கிடந்தது. அண்மையில் செப்பனிட்டார்கள். யங்கர் இந்தத் தொகுப்பை அதில்தான் வாசித்திருக்கிறார். 2007இல் ஆலிஸ் மறைந்தபோது நியூயார்க் புனித ஜான் பேராலயத்தில் நடந்த நினைவுக் கூட்டத்தில் வாசிக்கும்படி ஆலிஸின் மகன் ரவி கோல்ட்ரேன் அழைத்தது இதே யங்கரைத்தான். அப்போது அவருக்கு இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயது.

ஆலிஸின் ஹார்ப்பே கைக்கு வந்துவிட்டது. வேறு யாராக இருந்தாலும் ஆலிஸின் பாட்டுகளை வரிசையாக வாசித்துக் கும்பிட்டிருப்பார்கள். யங்கர் தன் சொந்த ஆக்கங்களை வாசிக்கிறார்.

— — —

கறார்கேள்வி எழுதியது:

தொகுப்பை நேற்றிரவு தொடக்கம் முதல் கடைசி வரை கேட்டேன். நீங்கள் சொன்னது சரியான இடத்தில் தைக்கிறது. ஆலிஸின் ஹார்ப் என்று சொல்லப்படாவிட்டால் அதை ஆலிஸோடு சேர்த்து நினைத்திருக்க மாட்டேன். தந்திகளின் முழக்கம் அடர்த்தியாக இருக்கிறது, ஆனால் அவர் அதில் மூழ்கவில்லை. ஷபாகா என்ற கலைஞரின் குழல் வரும் இடத்தில் ஹார்ப் பின்வாங்கி, இரண்டே ஸ்வரங்களை வைத்துக்கொண்டு காவல் நிற்கிறது. அந்த அடக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. பெரிய பாப் பதிவுகளில் ஹார்ப்புக்கு இன்னும் நியாயம் கிடைக்கவில்லை என்ற என் கருத்தில் மாற்றமில்லை. அதற்கான பொறுப்பை யங்கர் மீது போட மாட்டேன். ஒலிப்பலகை சொன்ன கலவை மேசை மீது போடுவேன்.

— — —

மாலைக்காற்று எழுதியது:

புதிதாக வருபவர்கள் எங்கிருந்து தொடங்குவது என்று தனிச்செய்தியில் கேட்கிறார்கள். என் யோசனை: 'புளூ நைல்' என்ற ஒரே பாட்டை இரண்டு பேரிடம் கேளுங்கள். முதலில் 1970இல் ஆலிஸ் வாசித்தது. ஜோ ஹென்டர்சனும் ஃபாரோ சாண்டர்ஸும் குழல், ரான் கார்ட்டர் பாஸ். அடுத்து யங்கர் 2019இல் வெளியிட்ட 'ஸோல் அவேக்கனிங்' தொகுப்பில் உள்ளது. அதன் பிறகு 'சம்வேர் டிஃபரன்ட்' தொகுப்புக்கு வாருங்கள். அங்கே யங்கரோடு பாஸ் வாசிக்க வந்திருப்பவர் அதே ரான் கார்ட்டர். ஆஷ்பி படித்த காஸ் டெக் பள்ளியில் படித்தவரும்கூட. ஐம்பது ஆண்டு இடைவெளியில் இரண்டு ஹார்ப்காரர்களுக்கு அடியில் ஒரே மனிதரின் பாஸ் எப்படி நடக்கிறது என்று மட்டும் கவனியுங்கள். ஹார்ப் எந்த இடத்தில் அவருக்கு வழி விடுகிறது, எந்த இடத்தில் அவரைத் தள்ளிக்கொண்டு போகிறது என்பதைக் கேட்டுவிட்டு வந்து எழுதுங்கள், தொடர்ந்து பேசுவோம்.